புல்வெளி தரிசு நிலம் இல்லை

ஓர் உயிரிடமிருந்து இன்னோர் உயிருக்கு ஆற்றல் போவதை, அதாவது ஆற்றல் ஓட்டத்தை, விளக்கும் உங்கள் கட்டுரை, மழைக்காட்டுக்குப் பல பத்திகள் கொடுத்துவிட்டுப் புல்வெளியை ஒரே வரியில் முடித்துவிட்டது. எனக்கு அது மனக்குறைதான். நீலகிரி உச்சியில் சோலை எனும் மலைக்காட்டைத் தாண்டிப் புல்வெளிக்குள் போய்க் குனிந்து பாருங்கள், புல்தூர்களுக்கு நடுவே வரையாட்டுப் புழுக்கை கிடக்கும். வெயில் புல்லாகி, புல் வரையாடாகி, அப்புறம் சிறுத்தைக்கோ புலிக்கோ போகிறது. ஒவ்வொரு படியிலும் ஆற்றலில் ஏறக்குறைய 10 சதவீதம்தான் மேலே ஏறும். மீதியில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். அதனால்தான் ஒரு புலிக்கு அவ்வளவு புல் வேண்டியிருக்கிறது. ஆங்கிலேயர் காலம் தொட்டு அங்கே சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். மலை பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் வரையாடு மேயும் பச்சை பல இடங்களில் போய்விட்டது. இதையும் தயவுசெய்து எழுதுங்கள்.