கடல் தெரியும் அறையாம்!

கிரேக்க நாட்டு ரோட்ஸ் தீவில், ஃபலிராக்கி என்ற கடற்கரை ஊரில் மலிவாக ஓர் ஓட்டல். கடல் தெரியும் அறை என்று போட்டிருந்தார்கள். தெரிந்தது. பால்கனிக் கம்பியில் வயிற்றைச் சாய்த்துக் கழுத்தை ஒடித்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நீலமாக ஒரு கீற்று. அதற்குக் கூடுதல் கட்டணம் வேறு!

ஏசிக்குத் தனிக் காசு. லாக்கருக்குத் தனிக் காசு. ஆகஸ்ட் மாத கிரேக்க வெயிலில் ஏசி என்ன ஆடம்பரமா? போதாததற்கு அரசாங்கத்தின் பருவநிலை வரி, 3 நட்சத்திர ஓட்டலுக்குக் கோடையில் ஓர் இரவுக்கு 5 யூரோ. அந்த மூன்று நட்சத்திரங்களையும் கட்டிலுக்கடியில்கூடத் தேடிவிட்டேன், காணோம்.

கழிப்பறைக் காகிதத்தைக் கோப்பைக்குள் போடக்கூடாது, குழாய் ரொம்பக் குறுகலானதாம். பக்கத்துக் கூடையில்தான் போட வேண்டும். சரி, ஊர் வழக்கம். அந்தக் கூடையைத் தினமும் காலி செய்யவாவது வேண்டாமா? ஷவரை மாட்டக் கொக்கி கிடையாது. ஒரு கையில் ஷவர், மறு கையில் சோப்பு, தலையை எதனால் தேய்ப்பது?

நீச்சல்குளத்துச் சாய்வு நாற்காலிகளில் விடிவதற்கு முன்பே துண்டுகள். ஆளே இல்லை, துண்டு மட்டும் வெயில் காய்கிறது! இரவானால் பார் தெருவின் பாட்டு, நாலு சக்கர குவாட் பைக் உறுமல், அடுத்த அறைக்காரரின் இருமல். சுவரா அது, அப்பளமா?

அப்புறம், காலையில் வரவேற்பறைப் பையன் சிரித்துக்கொண்டே கேட்கிறான், நன்றாகத் தூங்கினீர்களா என்று.