கயிறு கட்டும் இடத்தில் மட்டும் ஏன் கைவிடுகிறார்கள்?

முதல்முறை செய்பவர்களுக்கான மர மாதிரிக் கப்பல் கிட் என்று பெட்டி மேலேயே போட்டிருந்தது. நம்பித்தான் வாங்கினேன். கப்பலின் உடல் கட்டும்வரை ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு பலகைக்கும் படம், எண், விளக்கம். பாய்மரம் நட்டு முடித்தால், கயிறு வேலைக்கு ஒரே ஒரு படம்! கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. எது எங்கே போய் முடிகிறது, எதை முதலில் கட்டுவது, ஒரு வரி கிடையாது.

வரிசைதானே இதில் உயிரே? பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் முதலில். நிஜத்தில் தார் பூசியவை, அதனால் கறுப்பு நூல். பாயை இழுத்து இயக்கும் கயிறுகள் அப்புறம், அவை வெளிர் பழுப்பு. கீழிருந்து மேலே, உள்ளிருந்து வெளியே போகாவிட்டால் விரலே நுழையாது. ஷ்ரவுடுகளை, அதாவது பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் நிலைக்கயிறுகளை, வலப்பக்கம் ஒரு ஜோடி, இடப்பக்கம் ஒரு ஜோடி என்று மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். அது தெரியாமல் ஒரே பக்கத்தை முடித்தேன், பாய்மரம் சாய்ந்துவிட்டது. மூன்று நாள் வேலையை அறுத்துப் போட்டேன். வயிறு எரிந்தது.

ஷ்ரவுடுகளுக்குக் குறுக்கே ஏணிப்படி மாதிரி வரும் ராட்லைன் கயிறுகளுக்கு, 'முடிச்சிடவும்' என்பதோடு சரி. என்ன முடிச்சு? க்ளோவ் ஹிட்ச். இடைவெளி? நிஜக் கப்பலில் சுமார் 13 முதல் 15 அங்குலம். 1:64 அளவில், அதாவது நிஜத்தில் 64-ல் ஒரு பங்கில், 5, 6 மில்லிமீட்டர். கோடு போட்ட அட்டையைப் பின்னால் செருகிக்கொண்டு கட்டலாம். இழுத்து இறுக்கினால் ஷ்ரவுடுகள் இடுப்பு ஒடுங்கியதுபோல் உள்ளே வளைந்துவிடும். இவ்வளவையும் சொல்ல அரைப் பக்கம் போதுமே!