ஒரு மரம் விழுந்தாலும் வேலை நிற்கும் என்றவர்கள்

"இவனுங்க சம்பளத்துக்கு மட்டும்தான் கொடி பிடிப்பானுங்க." எந்த வேலைநிறுத்தச் செய்திக்குக் கீழேயும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. அப்படிச் சொல்பவர்களிடம் ஆஸ்திரேலியாவின் சிட்னிக் கட்டடத் தொழிலாளர்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

1971. ஹன்டர்ஸ் ஹில் வசதியானவர்கள் வாழும் பகுதி. அங்கே ஆற்றங்கரையில் மிஞ்சியிருந்த சிறு காடு கெல்லீஸ் புஷ். ஜென்னிங்ஸ் நிறுவனம் அதில் வீடுகள் கட்டவிருந்தது. எதிர்த்து நின்ற 13 பெண்கள் மேயர், மாநில முதல்வர் என்று ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கிளையிடம் போனார்கள். செயலாளர் ஜாக் மண்டி ஒரு கம்யூனிஸ்ட். பங்களாக்காரர்களின் பிரச்சினை நமக்கெதற்கு என்று சங்கம் கைகழுவியிருக்கலாம். மாறாக, "ஊர்க்கூட்டம் போடுங்கள், மக்கள் உங்கள் பக்கம் என்று காட்டுங்கள்" என்றது. சுமார் 600 பேர் திரண்டார்கள். அங்கே வேலை செய்வதில்லை என்று சங்கம் அறிவித்தது.

சங்கத்தில் இல்லாத ஆட்களை வைத்துக் கட்டிக்கொள்கிறோம் என்றது நிறுவனம். அதே நிறுவனத்துக்காக நார்த் சிட்னியில் அலுவலகக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் கூடிப் பேசிச் சொல்லி அனுப்பினார்கள்: அங்கே ஒரு மரம் விழுந்தாலும் இந்தக் கட்டடம் என்றைக்கும் அரைகுறையாகவே நிற்கும். நிறுவனம் அடங்கிப்போனது.

அப்புறம் பலரும் சங்கத்தைத் தேடி வந்தார்கள். 1973இல் மக்குவாரி பல்கலைக்கழக விடுதியில் ஒரு மாணவரை அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக வெளியேற்றியபோது, அங்கே நடந்த கட்டட வேலையை நிறுத்தினார்கள். ரெட்ஃபெர்னில் பழங்குடியினரின் குடியிருப்புக்காகவும் நின்றார்கள். ராக்ஸ் பகுதியின் பழைய வீடுகளை இடிக்க விடாமல் மறித்து, மண்டி கைதானார்.

இதெல்லாம் தலைவரின் நல்ல மனதால் மட்டும் நடந்ததாக நான் நினைக்கவில்லை. முடிவுகளை உறுப்பினர்கள் கூட்டத்தில் எடுத்தார்கள். பொறுப்பாளர்களுக்கும் தொழிலாளிக்கான சம்பளம்தான். பதவிக்குக் காலவரம்பு உண்டு. 1973இல் மண்டியே இறங்கிவிட்டார். தன் சங்கத்தில் தன் பேச்சு எடுபடும் என்று தெரிந்த தொழிலாளிதான் முன்பின் தெரியாத ஒருவருக்காகத் தன் கூலியை இழக்கத் துணிவார்.

1975இல் சங்கத்தின் தேசியத் தலைமையே கட்டட முதலாளிகளின் துணையோடு அந்த மாநிலக் கிளையைக் கைப்பற்றியது. மண்டியும் தோழர்களும் நீக்கப்பட்டார்கள். பலருக்கு அந்தத் தொழிலில் மறுபடி வேலை கிடைக்கவில்லை. கெல்லீஸ் புஷ் இன்று பொதுப் பூங்கா. அதைப் புகழ்கிறவர்கள், அதற்காக வேலையை இழந்தவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.