9.4 சதவீதம் என்பது ‘மாத்திரை கிடைக்காதவர்கள்’ அல்ல

குடும்பக் கட்டுப்பாட்டில் ‘நிறைவேறாத தேவை’ 9.4 சதவீதம் என்கிறது தேசிய குடும்ப நல ஆய்வு (2019–21). அதைக் காட்டி, “இத்தனை பெண்கள் கருத்தடைச் சாதனம் கேட்டும் கிடைக்காமல் தவிக்கிறார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எண் சரி, பொருள் தவறு.

“கேட்டும் கிடைக்கவில்லையா?” என்று விசாரித்து எடுத்த எண் அல்ல அது. வீட்டுக்கு வரும் ஆய்வுப் பணியாளர் பெண்ணைத் தனியே உட்காரவைத்து, “இன்னொரு குழந்தை வேண்டுமா? எவ்வளவு காலம் கழித்து?” என்று கேட்பார். இரண்டு ஆண்டுக்குள் வேண்டாம், இனி வேண்டவே வேண்டாம் என்பவர், கருத்தரிக்கக்கூடியவராக இருந்தும் எந்த முறையையும் பின்பற்றாவிட்டால் ‘நிறைவேறாத தேவை’ கணக்கில் வந்துவிடுவார். இந்தக் கர்ப்பம் வேண்டாமலே வந்தது என்று சொல்லும் கர்ப்பிணியும் அதில் உண்டு. அப்புறம், இது மணமான 15–49 வயதுப் பெண்களில் எடுத்த விகிதம்.

ஆக, சுகாதார நிலையத்தில் மாத்திரை இல்லாமல் திரும்பியவர், காப்பர்-டி போட்டால் உதிரப்போக்கு அதிகமாகுமோ என்று பயப்படுபவர், கணவர் சம்மதிக்காதவர், கணவர் வெளியூரில் வேலை செய்பவர் எல்லோரும் இந்த ஒரே எண்ணுக்குள் இருக்கிறார்கள். பெட்டி பெட்டியாக மாத்திரை அனுப்பினால் முதலாமவருக்கு மட்டும்தான் பிரச்சினை தீரும்.

கோபப்பட அதே ஆய்வில் வேறொன்று இருக்கிறது: மணமான இதே பெண்களில் தாங்களே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டவர்கள் 0.3.