நான்கு பேர் என்று எண்ணிச் சொன்ன பாட்டு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராயபுரத்தில் நண்பனின் பெரியப்பா வீட்டில், 1970இல் வெளிவந்த ஒரு ராக் பாட்டை முதன்முதலாகக் கேட்டேன். பெரியப்பா சரக்குக் கப்பலில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இறங்கிய துறைமுகங்களில் எல்லாம் இசைத்தட்டு வாங்கிச் சேர்த்தவர். மஞ்சள் படிந்த உறையிலிருந்து ஒரு சிறிய தட்டை எடுத்து, வேட்டி நுனியால் விளிம்பை ஒற்றி, ஊசியை இறக்கிவிட்டு, "மொதல்ல கேளு தம்பி, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கிட்டார் தனியாகத் தொடங்கியது. தாழ்ந்த சுருதியில், ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்தது. அதனோடு சேர்ந்துகொண்ட மேளம் காலணிகள் தரையில் பதியும் ஒலியை நினைவுபடுத்தியது. மெலிந்து உயர்ந்த ஒரு குரல் பாடத் தொடங்கியது, பிறகு மற்றக் குரல்கள் அதன்மேல் ஏறின. சொற்களில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. "நிக்சன்" என்ற பெயர் காதில் விழுந்தது, "நான்கு" என்ற எண் விழுந்தது. "ஒஹையோ" என்று அவர்கள் மீண்டும் மீண்டும் பாடியதை ஒப்பாரியில் வரும் பொருளற்ற ஓசை என்றே முதலில் எடுத்துக்கொண்டேன். முடிவில் இசை தேய்ந்துகொண்டே போகும்போது, மெட்டை விட்டு விலகிய ஒருவர், "ஏன்? இன்னும் எத்தனை பேர்?" என்று கத்திக்கொண்டே இருந்தார். அது பாடகர் பாடும் குரலாக இல்லை. சாவு வீட்டு வாசலில் நிற்பவரின் குரலாக இருந்தது.

"ஒஹையோன்னா அமெரிக்காவுல ஒரு மாநிலம். காலேஜ் பிள்ளைங்க நாலு பேர சுட்டுட்டாங்க" என்றார் பெரியப்பா. 'ஒஹையோ' என்றே பெயர் கொண்ட அந்த மூன்று நிமிடப் பாட்டுக்கு அவர் சொன்ன விளக்கம் அவ்வளவுதான். மீதியை நான் வீட்டுக்கு வந்து, இரண்டு வாரம் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன்.

1970 ஏப்ரல் 30 அன்று அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, அமெரிக்கப் படைகள் கம்போடியாவுக்குள் நுழைவதாக அறிவித்தார். வியட்நாம் போர் முடிவுக்கு வருகிறது என்று நம்பியிருந்த மாணவர்களுக்கு அது போர் விரிவடைகிறது என்ற செய்தியாகவே போய்ச் சேர்ந்தது. ஒஹையோவில் உள்ள கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் போராட்டம் எழுந்தது. ஊருக்குள் கடைக் கண்ணாடிகள் உடைந்தன. மறுநாள் இரவு, வளாகத்தில் இருந்த மாணவர் ராணுவப் பயிற்சிக் கட்டடம் எரிந்தது. ஆளுநர் ஜேம்ஸ் ரோட்ஸின் ஆட்சி அனுப்பிய தேசியக் காவல் படை வளாகத்தில் இறங்கியது. மே 4, திங்கட்கிழமை நண்பகல், தடையை மீறி மாணவர்கள் கூடினார்கள். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, பதிலுக்குக் கற்கள் வந்தன. படையினர் மேட்டின்மேல் ஏறித் திரும்பிச் சுட்டார்கள். 13 வினாடிகளில் 67 குண்டுகள். நான்கு பேர் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். அவர்களில் ஒருவர் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, அதன்பின் நடக்கவே இல்லை.

ஜெஃப்ரி மில்லர், 20 வயது. அலிசன் கிராஸ், 19. சாண்ட்ரா ஷோயர், 20. வில்லியம் ஷ்ரோடர், 19. இவர்களில் சாண்ட்ராவும் வில்லியமும் போராட்டத்தில் கலந்துகொண்டவர்களே அல்லர். ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். வில்லியம் அதே ராணுவப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்திருந்த மாணவர். நான்கு பேரில் படையினருக்கு மிக அருகில் இருந்தவர் மில்லர். அந்த அருகாமையே ஏறக்குறைய 80 மீட்டர். கல்லெறிக்குப் பயந்து சுட்டோம் என்ற சொல்லை எடைபோட அந்த ஓர் அளவு போதும் என்பது என் கருத்து.

மில்லரின் உடலருகே மண்டியிட்டுக் கைகளை விரித்துக் கதறும் ஒரு பெண்ணை ஜான் ஃபைலோ என்ற மாணவர் படம் பிடித்தார். அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற படம் அது. அந்தப் பெண் மேரி ஆன் வெக்கியோ. கல்லூரி மாணவி அல்ல, வீட்டை விட்டு வந்திருந்த 14 வயதுச் சிறுமி. நிகழ்வின் படங்களை லைஃப் இதழில் பார்த்த நீல் யங், உடனிருந்த டேவிட் கிராஸ்பியின் கண்முன்னே பாட்டை எழுதினார். யங்குக்கு அப்போது 24 வயது. பிறப்பால் அவர் கனடாக்காரர். கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் என்ற குழு மே 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ஒன்றாக நின்று நேரடியாகவே பாடிப் பதிவு செய்தது. துப்பாக்கி வெடித்து 17 நாட்கள்தான் ஆகியிருந்தன. ஜூன் மாதமே தட்டு கடைக்கு வந்துவிட்டது. கடைசியில் கத்தும் குரல் கிராஸ்பியுடையது. பதிவு முடிந்தபோது அவர் அழுதார் என்கிறார்கள்.

பாட்டில் அரசியல் வேண்டாம், அதிலும் ஆட்களின் பெயர் வேண்டவே வேண்டாம், பெயர் வந்தால் பாட்டுக்கு ஆயுள் குறைந்துவிடும் என்று சொல்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தப் பாட்டு அந்த எண்ணத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது. சமாதானம், அன்பு, விடியல் என்று பொதுவாகப் பாடப்பட்ட எத்தனையோ பாட்டுகளை நாம் கேட்டிருக்கிறோம். எந்தச் சமாதானம், யாருடைய விடியல் என்று கேட்கத் தோன்றாததால் அவை கேட்ட நாளே கரைந்துபோகின்றன. இதிலோ ஓர் ஆளின் பெயர் இருக்கிறது, ஓர் இடத்தின் பெயர் இருக்கிறது, ஓர் எண் இருக்கிறது. ஆங்கிலம் சரளமாகப் புரியாத எனக்கும் அந்த மூன்றும் கேட்டன, அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு திங்கட்கிழமைக்கு என்னால் போய்ச் சேர முடிந்தது.

நிக்சனைப் பெயர் சொன்னது நியாயமா என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. சுடச் சொல்லி அவர் உத்தரவிடவில்லை. படை மாநில அரசுடையது. சட்டத்தின் கணக்கில் அவர் பெயர் அந்த வரியில் வரக் காரணமில்லை. ஆனால், ஒரு போரை விரிவாக்க எடுத்த முடிவும், எதிர்த்துக் கூடிய பிள்ளைகளைப் பகைவர்களாகக் கண்ட பார்வையும் மேலிருந்து கீழே இறங்கி வந்துதான் அந்த மேட்டில் துப்பாக்கியாகத் திரும்பின. அந்த வழியை ஒரே பெயரால் சுட்டிக்காட்டும் உரிமை பாட்டுக்கு உண்டு என்றே நினைக்கிறேன். நிக்சனே அமைத்த விசாரணைக் குழு, அந்தத் துப்பாக்கிச்சூடு தேவையற்றது, நியாயமற்றது, மன்னிக்க முடியாதது என்று எழுதிக் கொடுத்தது. ஆயினும் சுட்டவர்களில் ஒருவருக்குக்கூட நீதிமன்றம் தண்டனை விதிக்கவில்லை.

அந்த நாட்டு மக்கள் அப்போது நினைத்ததைப் படித்தபோதுதான் பாட்டின் நடுவில் வரும் ஒரு கேள்வி எனக்கு முழுதாக விளங்கியது. துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் சில நாட்களில் காலப் (Gallup) என்ற நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், 58 விழுக்காட்டினர் மாணவர்கள்மீதே பழி போட்டார்கள். படையைக் குறை சொன்னவர்கள் 11 விழுக்காடு. அத்தகைய நாட்டைப் பார்த்து யங் வாதம் செய்யவில்லை. அவள் உனக்குத் தெரிந்தவளாக இருந்து, தரையில் செத்துக் கிடப்பதை நீ பார்த்திருந்தால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்கிறார். கேள்வி அரசாங்கத்தை விட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவரிடம் வந்து நிற்கிறது. பல வானொலி நிலையங்கள் இந்தத் தட்டைப் போட மறுத்தன. அதையும் தாண்டி அது, அமெரிக்காவில் புகழ்பெற்ற பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்ட் பட்டியலில் 14ஆம் இடத்துக்கு ஏறியது.

படித்து முடித்துவிட்டு மறுபடியும் ராயபுரம் போனேன். பெரியப்பா தட்டின் மறுபக்கத்தைப் போட்டார்: ஸ்டில்ஸ் எழுதிய சிறிய பாட்டு, விடுதலைக்குக் கொடுத்த விலையைப் பற்றியது, கடைசியில் வாத்தியம் ஏதுமின்றி நான்கு குரல்கள் மட்டும் நிற்கின்றன. அது ஓய்ந்த பிறகு, நான் படித்த இன்னொரு செய்தியை அவரிடம் சொன்னேன். கென்ட்டுக்குப் பிறகு பதினொரு நாட்கூட ஆகவில்லை. மே 15 அதிகாலை, மிசிசிப்பியில் கறுப்பின மாணவர்கள் படிக்கும் ஜாக்சன் மாநிலக் கல்லூரியில் காவலர்கள் சுட்டார்கள். பெண்கள் விடுதியின் சுவரில் 400க்கு மேற்பட்ட குண்டுத் தடங்கள் விழுந்தன. 21 வயது ஃபிலிப் கிப்ஸ் என்ற மாணவரும், மளிகைக் கடை வேலை முடிந்து அந்த வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்த 17 வயதுப் பள்ளி மாணவன் ஜேம்ஸ் ஏர்ல் கிரீனும் இறந்தார்கள். அவர்களுக்கு உலகம் சுற்றி வந்த படமும் இல்லை, 'ஒஹையோ' போல ராயபுரம் வரைக்கும் வந்து சேர்ந்த பாட்டும் இல்லை.

பெரியப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து தட்டைப் புரட்டி, முதல் பாட்டையே மறுபடியும் போட்டார். இந்த முறை கடைசிக் குரலுக்காகவே காத்திருந்து கேட்டேன். இன்னும் எத்தனை பேர் என்று கிராஸ்பி கத்துகிறார். அவர் அப்படிக் கத்திய மே 21 அன்று கணக்கு ஏற்கெனவே ஆறாகியிருந்தது. பாட்டு நான்கு என்கிறது.