கடைசி என்று சொல்லித்தானே டிக்கெட் விற்றீர்கள்?

'தி கான்ஜூரிங்' பேய்ப்பட வரிசையில் 'லாஸ்ட் ரைட்ஸ்' 2025 செப்டம்பரில் வந்தபோது விளம்பரம் முழுக்க ஒரே பாட்டுதான்: இதோடு முடிந்தது, பேய் விரட்டும் வாரன் தம்பதியின் கடைசி வழக்கு, வந்து வழியனுப்பி வையுங்கள். நம்பித்தான் போனோம். 2013-இல் ஆரம்பித்த கதை, அந்தத் தம்பதியாக நடித்த பேட்ரிக் வில்சனையும் வேரா ஃபார்மிகாவையும் எட், லொரெய்ன் என்றே கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டோம், கடைசியாக ஒருமுறை தியேட்டரில் பார்த்துவிடலாம் என்று வீட்டோடு கிளம்பி, டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தோம். உலகம் முழுக்க வசூல் ஐம்பது கோடி டாலரை நெருங்கியது. அவ்வளவுதான், கடைசியாவது ஒன்றாவது! முன்கதைப் படம் வருகிறதாம்.

எனக்குக் கோபம் இன்னொரு படம் வருகிறது என்பதில் இல்லை. பேய்ப்படம் எத்தனை எடுத்தாலும் பார்க்கிற ஆள் நான். 'கடைசி' என்று சொல்லி எங்கள் பாசத்தைக் காசாக்கியதில்தான் கோபம். அதைவிடப் பெரிய கோபம், அந்தக் 'கடைசி'க்காகப் படத்தையே பலி கொடுத்ததில்.

யோசித்துப் பாருங்கள். பென்சில்வேனியாவில் ஸ்மர்ல் குடும்பம், ஒரே வீட்டில் தாத்தா பாட்டி முதல் குழந்தைகள் வரை நெருக்கியடித்து வாழ்கிறது, அந்த வீட்டுக்குள் ஏதோ புகுந்துவிட்டது. இதைவிட நல்ல களம் கிடைக்குமா? பழைய வீடியோ கேசட்டை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற காட்சி ஒன்று வரும், அதில் உண்மையாகவே கை நடுங்கியது. ஆனால் வாரன் தம்பதி அந்த வீட்டு வாசலை மிதிப்பதற்கே படத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது! அதுவரை மகள் ஜூடியின் காதல், எட்டின் இதய நோய், ஓய்வு பெறலாமா என்ற பேச்சு. கடைசியில் கல்யாணம், பழைய படங்களில் வந்த குடும்பங்களெல்லாம் விருந்தாளிகள், முதல் படத்தின் இயக்குநர் ஜேம்ஸ் வான்கூடக் கூட்டத்தில் நிற்கிறார். இரண்டே கால் மணி நேரப் படத்தில் ஸ்மர்ல் குடும்பத்துக் குழந்தைகளின் பெயர்கூட நமக்கு மனதில் நிற்பதில்லை. சரி, பிரிவு உபசாரம்தானே, போகட்டும் என்று பொறுத்துக்கொண்டோம். இப்போது பிரிவே இல்லை என்றால் நாங்கள் எதைப் பொறுத்துக்கொண்டோம்?

முதல் படத்தை ஒருமுறை திரும்பப் பாருங்கள். நிலவறைப் படிக்கட்டில் இருட்டு, அம்மாவாக வரும் லிலி டெய்லர் தீக்குச்சியைக் கிழிக்கிறார், அந்தச் சின்ன வெளிச்சத்தில் அவர் முகம் மட்டும் தெரிகிறது, முகத்துக்குப் பக்கத்தில் இரண்டு கைகள் வந்து தட்டுகின்றன. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அந்தப் படத்துக்கு அமெரிக்கத் தணிக்கையில் பெரியவர்களுக்கான ஆர் சான்றிதழ் கொடுத்ததற்குப் பயம்தான் காரணம் என்று படக்குழுவே சொன்னது. அந்தக் குடும்பம் என்ன ஆகுமோ என்று நமக்குப் பதறியதால்தான் இரண்டு கைகள் அவ்வளவு வேலை செய்தன.

இந்தப் பித்தலாட்டம் இவர்கள் ஆரம்பித்ததும் இல்லை. 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' வரிசையில் 1984 ஏப்ரலில் வந்த நான்காம் பாகத்துக்குப் பெயரே இறுதி அத்தியாயம். அடுத்த பாகம் 1985 மார்ச்சில், ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' வரிசையின் கொலைகாரன் ஃப்ரெடியை 1991-இல் கொன்றார்கள், 1994-இல் திரும்பி வந்தான். 'சா' வரிசை 2010-இல் முடிந்தது என்றார்கள், அதற்கப்புறம் மூன்று படம்.

எல்லாவற்றிலும் என்னால் மன்னிக்கவே முடியாதது 'ஹாலோவீன்'. 1998-இல் வந்த 'ஹெச் ட்வென்ட்டி' படத்தின் முடிவு ஞாபகம் இருக்கிறதா? வேனுக்கும் மரத்துக்கும் நடுவே முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் நசுங்கிக் கிடக்கிறான். மெதுவாகக் கையை நீட்டுகிறான். லாரியாக வரும் ஜேமி லீ கர்ட்டிஸ் ஒரு நொடி இளகுகிறார், தன் கையையும் நீட்டுகிறார், விரல் தொடப் போகிறது, அப்புறம் கோடரியை ஓங்கி ஒரே வெட்டு. 1978-இல் வந்த முதல் படத்திலிருந்து அவனிடமிருந்து ஓடி ஓடிக் களைத்த ஒரு பெண் தன் கையாலேயே கணக்கை முடித்த காட்சி அது. 2002-இல் அடுத்த படம் எடுத்தார்கள். வெட்டுப்பட்டது மைக்கேலே இல்லையாம், குரல்வளை நசுங்கிப் பேச முடியாமல் போன ஒரு ஆம்புலன்ஸ் ஊழியராம், மைக்கேல் அவருக்கு முகமூடியை மாட்டிவிட்டுத் தப்பித்தானாம். அந்த நீட்டிய கை, அந்த ஒரு நொடி இளக்கம், எல்லாம் யாரோ ஒரு அப்பாவியின் கெஞ்சலாகிவிட்டது. அதோடு விட்டார்களா? ஆரம்பத்திலேயே லாரியையும் கொன்றுபோட்டார்கள். பிறகு 2018-இல் அதெல்லாம் நடக்கவே இல்லை என்று அழித்துவிட்டு 1978 படத்திலிருந்தே மறுபடி தொடர்ந்தார்கள். ஒரு பாத்திரத்துக்கு நாம் அழுததற்குக் கொஞ்சமாவது மரியாதை வேண்டாமா?

'முன்கதைதானே, முடிவை யாரும் மாற்றவில்லையே, உனக்கு என்ன வந்தது' என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2016-இல் வந்த 'கான்ஜூரிங்' இரண்டாம் பாகத்தில் எட் சாகப்போவதாக லொரெய்னுக்கு முன்கூட்டியே காட்சி தெரிந்துவிடும். கடைசியில் எட் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறான், கீழே ஈட்டி மாதிரி பிளந்து நிற்கும் மரம். நான் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டேன், ஏனென்றால் அவன் செத்தாலும் சாவான். இனி வரப்போகிற முன்கதையில் அவர்களை எந்தப் பேய் தூக்கிப் போட்டாலும் என்ன? அவர்கள் பிழைத்து, வயதாகி, மகள் கல்யாணத்தில் ஆடியதை நாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று.

அதே 2025-இல்தான் 'ஃபைனல் டெஸ்டினேஷன்' ஆறாம் பாகமும் வந்தது, பதினான்கு வருட இடைவெளிக்குப் பிறகு. இதுதான் கடைசி என்று அதற்கு யாரும் தமுக்கு அடிக்கவில்லை. அந்த வரிசையின் பழைய நடிகர், நோயோடு வந்து நடித்த டோனி டாட், அவருடைய கடைசி வசனத்தை அவரே சொந்தமாகப் பேசட்டும் என்று இயக்குநர்கள் விட்டார்கள். படம் வருவதற்கு முன்பே, 2024 நவம்பரில் அவர் இறந்துபோனார். உயிரோடு இருக்கும்போதே அனுபவியுங்கள் என்கிற மாதிரி சொல்லிவிட்டு அவர் எழுந்து போகும்போது தொண்டை அடைத்தது. சில நிமிடக் காட்சிதான். கல்யாண மண்டபம் தேவைப்படவில்லை.

எடுங்கள், பத்துப் படம்கூட எடுங்கள். 'சா எக்ஸ்' நல்ல படம்தான், நானே நாலு பேரிடம் பார்க்கச் சொன்னேன். அடுத்த பாகம் என்று நேராகப் போஸ்டர் ஒட்டினாலும் நாங்கள் வரத்தான் போகிறோம். ஆனால் இன்னொரு தடவை 'கடைசி' என்று போட்டால், முதல் வாரம் என் வீட்டிலிருந்து ஒரு டிக்கெட்கூடப் போகாது.