ஆயுள் வரி 15 வருஷத்துக்கு, ஸ்பேர் பார்ட்ஸ் எத்தனை வருஷத்துக்கு?

"செட்டாத்தான் வரும் சார்."

புது வண்டி வைத்திருக்கும் எல்லாரும் ஸ்பேர் கவுண்டரில் இந்தப் பதிலைக் கேட்டிருப்பார்கள். ஹெட்லைட்டில் எல்.இ.டி. போய்விட்டதா, முழு ஹெட்லைட்டையும் வாங்கு. பெட்ரோல் பம்ப்பின் ஃபில்டர் அடைத்துக்கொண்டதா, பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர், மிதவை எல்லாம் சேர்ந்த மாட்யூலை வாங்கு. மீட்டருக்குள் தண்ணீர் இறங்கி நம்பரே தெரியவில்லையா, முழு மீட்டரையும் மாற்று. பழுது விரல்நுனி அளவு. பில் ஒரு மாச மளிகைச் செலவு அளவு.

தமிழ்நாட்டில் பைக் வாங்கும்போதே ஆயுள் வரியைக் கட்டி வாங்கிவிடுகிறார்கள். ஆர்.சி. 15 வருஷத்துக்கு. அதற்குப் பிறகும் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கலாம். அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் பைக்குக்கு 300 ரூபாயிலிருந்து 1,000 ஆகவும், காருக்கு 600-லிருந்து 5,000 ஆகவும் ஏற்றினார்கள். ஆக, 15 வருஷம் ஓடலாம் என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கிறது, காசும் வாங்கிக்கொள்கிறது. அந்த 15 வருஷமும் பார்ட்ஸ் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தவர் யார்? யாரும் இல்லை. மாடலின் முகத்தைக் கொஞ்சம் மாற்றிப் புதுப் பெயரில் இறக்கியதும் பழைய பார்ட் நம்பர் மெல்ல மெல்லக் கவுண்டரிலிருந்து மறைகிறது. "ஆர்டர் போட்டிருக்கோம், வரும்" என்பார்கள். வண்டி ஸ்டாண்டு போட்டு நிற்கும்.

"அந்தக் காலத்து வண்டி இரும்புப்பா, அதான் உழைக்குது" என்று ஒரு பேச்சு இருக்கிறது. பாதிதான் உண்மை. பழைய எஞ்சினும் தேயும், புகையும், ஆயில் கசியும். தேய்ந்ததைத் தனியாகக் கழற்றி, அந்த ஒன்றை மட்டும் மாற்ற முடிந்தது என்பதால்தான் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100-ஐயும் 1994-இல் வந்த ஸ்பிளெண்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். 97.2 சி.சி., போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்) 49.5. இந்த அளவை மாற்றாமல் மாடலுக்கு மேல் மாடலாகக் கொண்டுவந்தார்கள். ரகசியமே இதுதான். லட்சக்கணக்கில் ஒரே அளவு எஞ்சின் ரோட்டில் இருந்தால், பிஸ்டன் கிட் செய்பவன் செய்துகொண்டே இருப்பான், தாலுகா தலைநகரில் இருக்கும் சின்ன ஸ்பேர் கடைக்காரனும் பயமில்லாமல் வாங்கி அடுக்குவான். வண்டி உழைத்ததில் பாதிப் பெருமை, அளவை மாற்றாமல் வைத்திருந்த அந்த முடிவுக்குத்தான் போக வேண்டும்.

அந்த எஞ்சின் புகைய ஆரம்பித்தால் வேலை தெளிவு. முதலில் ஆயிலை உள்ளே விடுவது வால்வு சீலா, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கா என்று பார்க்க வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை விட்டு, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் பெரும்பாலும் சீல். ஆக்ஸிலரேட்டர் முறுக்கும்போதெல்லாம் புகை என்றால் ரிங்கும் போரும். எஞ்சின் ஹெட்டையும் சிலிண்டர் பிளாக்கையும் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டும். போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, முட்டை வடிவம் ஆகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் (ஸ்டாண்டர்டைவிடப் பெரிய பிஸ்டன்) போதுமா, 0.50 வேண்டுமா என்று முடிவு செய்து, பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு அதன் அளவுக்குப் போரிங் போட்டு (சிலிண்டரைக் கடைந்து), ஹோனிங்கில் குறுக்குக்கோடு விழவைத்து, ரிங் வாய்களை ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி வைத்து மாட்டினால் எஞ்சின் மறுபிறவி எடுக்கும். 0.25, 0.50, 0.75, 1.00 என்று நான்கு வாய்ப்பு. அதுவும் முடிந்தால் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புது உறை) அடித்து மறுபடி ஸ்டாண்டர்டுக்கு வரலாம். ஒரு பிளாக்குக்கு இத்தனை ஆயுள்.

இப்போது பல வண்டிகளில் பிளாக் முழுக்க அலுமினியம், உள்சுவரில் நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு. எடை குறைவு, சூடு சீக்கிரம் வெளியேறும், நன்றாகப் பராமரித்தால் வெகுநாள் தேயாது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஏர் ஃபில்டர் கிழிந்து தூசி உள்ளே போய் ஒரு கீறல் விழுந்தால்தான் தெரியும் சங்கதி. போரிங் கட்டர் அந்தப் பூச்சைச் சுரண்டிவிடும். திரும்பப் பூசும் வசதி நம்மூர் லேத்தில் கிடையாது. ஓவர்சைஸ் பிஸ்டனும் விற்பதில்லை. பிளாக்கும் பிஸ்டனும் சேர்த்துப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது எரிபொருள். கார்ப்ரேட்டரில் குப்பை அடைத்தால் என்ன வேலை? பெட்ரோல் டாப்பை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலை வடித்து, இரண்டு போல்ட்டைக் கழற்றி, கிண்ணத்தைத் திறந்து, பெட்ரோலை அளந்துவிடும் ஸ்லோ ஜெட்டையும் மெயின் ஜெட்டையும் எடுத்துக் காற்று பிடிக்க வேண்டும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது, ஓட்டை பெரிதாகிவிட்டால் மைலேஜ் போயே போய்விடும். ஒரு ஸ்க்ரூடிரைவர், 10-ஆம் நம்பர் ஸ்பேனர், அரை மணி நேரம். செலவு டீக்காசு.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதி வந்தது. ஏறக்குறைய எல்லா பைக்கும் கார்ப்ரேட்டரை விட்டு, கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. புகை குறைந்தது, குளிர்காலையிலும் ஒரே தொடலில் ஸ்டார்ட் ஆகிறது, இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் பம்ப் டாங்க்குக்குள், பெட்ரோலில் மூழ்கி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. எப்போதும் கடைசிச் சொட்டில் ஓட்டுகிறவர்களின் பம்ப் சீக்கிரம் சூடாகிச் சாகும். இதை டெலிவரி கொடுக்கும்போது எத்தனை ஷோரூமில் சொல்கிறார்கள்?

எத்தனாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். வண்டி வாரக்கணக்கில் நின்று, டாங்க்கில் தண்ணீர் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். பழைய வண்டிக்கும் எத்தனால் பகைதான்: ரப்பர் குழாய் வெடிப்பு விடும், ஃப்ளோட் நீடிலின் நுனி ஊதும், ஓ-ரிங் இறுகும். ஆனால் குழாய் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, நீடில் தனியாகக் கிடைக்கிறது. புது வண்டியில் அதே தண்ணீர் மாட்யூலைக் கெடுத்தால் ஆயிரக்கணக்கில் பில்.

இன்ஜெக்‌ஷன் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பதறிப்போய் மாட்யூலுக்குப் பணம் கட்டாதீர்கள். சாவியைப் போட்டதும் டாங்க்குக்குள் இரண்டு மூன்று நொடி 'ங்ங்' என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் கில் ஸ்விட்ச், ஃப்யூஸ், ரிலே, வண்டி சாய்ந்தால் எஞ்சினை அணைக்கும் சென்ஸார், இந்த வரிசையில் பாருங்கள். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். சத்தம் வருகிறது, ஆனால் இழுவை இல்லை என்றால் பிரஷர் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன பைக்குகளில் பொதுவாக 3 பார் அளவில் இருக்கும். கேஜே போடாமல் "பம்ப் போச்சு" என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். கனெக்டரில் பச்சை பூத்திருப்பதும் எலி கடித்த வயரும் எத்தனையோ நல்ல பம்ப்பைக் குப்பைக்கு அனுப்பியிருக்கின்றன.

பல புது வண்டிகளில் கிக்கரை எடுத்துவிட்டார்களே, அதை எங்கே போய்ச் சொல்வது! கார்ப்ரேட்டர் வண்டியில் பேட்டரி செத்தாலும் உதைத்து ஸ்டார்ட் செய்து வீடு போய்ச் சேரலாம். பம்ப்புக்கும் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வுக்கும் கரண்ட் வேண்டிய வண்டியில் பேட்டரி முழுக்கச் செத்தால் தள்ளினாலும் பெரும்பாலும் உயிர் வராது. அந்த வண்டியிலிருந்து கிக்கரையும் பிடுங்கியது யாருக்கு நன்மை?

பாடியைப் பற்றி நீட்டி என்ன பயன். தகரம் நசுங்கினால் தட்டி, டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்தோம். பிளாஸ்டிக் பேனலில் அரை அங்குலக் கொக்கி உடைந்தால் பேனலையே மாற்றச் சொல்கிறார்கள். அதுவும் அந்த வருஷத்து ஸ்டிக்கரோடு, அந்த நிறத்தில் இருக்க வேண்டும்.

காரிலும் இதே கதை. பழைய கார்கள் பலவற்றின் முன்சக்கரத்தில் டேப்பர் ரோலர் பேரிங். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்து, நட்டைப் பதமாக இறுக்கினால் மறுபடி ஓடும். தேய்ந்திருந்தால் பேரிங்கின் மேல் எண் பொறித்திருக்கும், எந்த பேரிங் கடையிலும் வாங்கலாம். பைக் சக்கரத்துக்கும் இதுதான்: 6301 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மில்லிமீட்டர், எந்த நாட்டில் கேட்டாலும் அதே. இப்போது பல கார்களில் பேரிங்கும் ஹப்பும் ஒரே துண்டு. சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் பால் ஜாயின்ட்டை (உருண்டை மூட்டை) ரிவெட் அடித்து அனுப்புகிறார்கள். ஜாயின்ட்டில் ஆட்டம் வந்தால் ஆர்மோடு சேர்த்து வாங்கு என்கிறார்கள். இரும்பு ஆர்ம் என்ன பாவம் செய்தது?

பழைய வண்டிக்காரர்களும் சும்மா நிம்மதியாக இல்லை. சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடினால் கிடைக்கும் என்பது உண்மை, கிடைப்பதெல்லாம் உருப்படி என்பது பொய். 1996-இல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100-க்குப் பழைய ஒரிஜினல் பிளாக் என்றால் நகைக்கடை விலை சொல்கிறார்கள். கம்பெனிப் பெட்டியைப் போலவே அச்சடித்த அட்டைக்குள் போலி ரிங்கைப் போட்டு விற்கிறார்கள். வாங்கும்போதே ரிங்கைப் போருக்குள் தள்ளி, ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) வாய் இடைவெளி பாருங்கள். கிளட்ச் பிளேட்டின் கனத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள். அளக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

இந்த அநியாயம் யாருக்கும் தெரியாததும் இல்லை. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குத் தராமல் அடைத்து வைத்தது குற்றம் என்றது. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022-இல் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டு, அதில் வாகனத்தையும் ஒரு துறையாகச் சேர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு வலைத்தளமும் திறந்தார்கள். தெருமுனைப் பட்டறைக்காரர் கையில் ஸ்கேனர் வந்ததா? ஃபில்டர் தனியாக வந்ததா? முப்பது வருஷம் சத்தத்தை வைத்தே டாப்பெட்டா டைமிங் செயினா என்று சொன்ன மனுஷன், இன்று வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் எரர் கோடைப் படிக்க வழியில்லாமல் "ஷோரூமுக்கே கொண்டுபோங்க தம்பி" என்று வண்டியைத் திருப்பி அனுப்புகிறார். அவருக்குத் தொழில் தெரியாமல் போகவில்லை, கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஆயுள் வரி 15 வருஷத்துக்கு என்றால், மாடல் நின்ற நாளிலிருந்து 15 வருஷம் பார்ட்ஸ் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். ஃபில்டர், ரெகுலேட்டர், கொக்கி, பால் ஜாயின்ட் எல்லாவற்றுக்கும் தனி பார்ட் நம்பர் வேண்டும். படம் போட்ட பார்ட்ஸ் கேட்டலாக்கும் விலையும் எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

அது வரும்வரை, அட்வான்ஸ் கொடுக்கும் முன் சேல்ஸ் மேஜையை விட்டு எழுந்து ஸ்பேர் கவுண்டருக்குப் போங்கள். ஃப்யூவல் ஃபில்டர் தனியாக உண்டா, ஹெட்லைட் என்ன விலை, மீட்டர் என்ன விலை, பிளாக்குக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் வருமா, கிக்கர் இருக்கிறதா என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய மாடல் ஒன்றின் பெயரைச் சொல்லி, அதன் சைடு பேனல் இன்று ஸ்டாக்கில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். "ஆர்டர் போட்டாத்தான் வரும்" என்று பதில் வந்தால், நீங்கள் வாங்கப்போகும் வண்டிக்கும் அதே கவுண்டரில் அதே பதில்தான்.